எத்தனை என்பதற்கு முன் எது வரை: செல்வெளி நுண்பைகளும் ஃப்ளோ சைட்டோமீட்டரும்

துகள்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அவற்றின் ஒளிச்சிதறலையும் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில், செல்கள் வெளியே விடும் நுண்பைகளை அளந்து முடித்துவிட்டு வருபவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் கருவிக்குத் தெரிந்த மிகச் சிறிய நுண்பையின் அளவு என்ன? பெரும்பாலும் அதற்குப் பதில் வருவதில்லை. மில்லிலிட்டருக்கு இத்தனை கோடி என்ற ஒரு செறிவு எண்ணும், வண்ணம் தீட்டிய ஒரு புள்ளி வரைபடமும், அதில் எந்தப் புள்ளிகளை எண்ணுவது என்று எல்லை வகுத்து அழகாகப் போடப்பட்ட ஒரு கேட்டும் கையில் இருக்கும். கருவி எது வரை பார்த்தது என்று தெரியாத நிலையில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது. மற்றவை எல்லாம் அதற்கான காரணங்களும், அந்த எல்லையைக் கண்டறியும் வழிகளுமே.

எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிக்கிள் என்று ஆய்வகங்களில் வழங்கும் செல்வெளி நுண்பைகள், செல்கள் வெளியே விடுகின்ற, இரட்டைக் கொழுப்புப் படலத்தால் சூழப்பட்ட மிகச் சிறிய பைகளாகும். செல்லின் உட்புறப் பைகளில் உருவாகி வெளியேறும் எக்ஸோசோம்கள் பெரும்பாலும் 30 முதல் 150 நானோமீட்டர் வரையிலும், செல் படலத்திலிருந்து நேரடியாக மொட்டுவிட்டுப் பிரிபவை ஏறக்குறைய 100 முதல் 1000 நானோமீட்டர் வரையிலும் இருக்கும். தட்டணுக்களிலிருந்து உதிரும் இத்தகைய துகள்களைப் பீட்டர் வுல்ஃப் 1967ஆம் ஆண்டில் 'தட்டணுத் தூசு' என்று குறிப்பிட்டார். அந்தத் தூசு இன்று புற்றுநோய், இரத்த உறைவு, அழற்சி ஆகியவற்றின் அறிகுறியாகத் தேடப்படுகிறது. எந்தச் செல்லிலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லவல்ல கருவிகள் குறைவு என்பதால், எல்லோரும் ஃப்ளோ சைட்டோமீட்டரை நாடுகிறார்கள்.

அந்தக் கருவியோ செல்களுக்காக உருவாக்கப்பட்டது. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல்லையும் 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு நுண்பையையும் எடுத்துக்கொண்டால், நுண்பையின் மேற்பரப்பு செல்லினதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கொள்ளளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு செல்லின் மேற்பரப்பில் குறிப்பிட்ட புரதம் ஒரு இலட்சம் மூலக்கூறுகள் இருந்தால், அதே அடர்த்தியில் அந்த நுண்பையின் மீது இருக்கக்கூடியவை பத்தே பத்துதான். செல்களுக்கு வழக்கமாகச் செய்யும் சாயமேற்றல் (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து ஏற்றுதல்), கேட் போடுதல், பின்னணியைக் கழித்தல் ஆகிய எதுவும் இந்த அளவில் அப்படியே செல்லுபடியாகாததற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஒளிச்சிதறலில் நிலைமை இன்னும் கடுமையானது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில் சிதறும் ஒளியின் அளவு விட்டத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. விட்டம் 200 நானோமீட்டரிலிருந்து 100 ஆகக் குறைந்தால் சிதறல் ஏறத்தாழ 64 மடங்கு குறையும். 100இலிருந்து 50 ஆகும்போது மீண்டும் 64 மடங்கு. ஆகவே சைட்டோமீட்டரின் பார்வை படிப்படியாக மங்குவதில்லை. ஒரு குறுகிய அளவு வரம்புக்குள் சட்டென்று அறுந்துபோகிறது. இதன் விளைவை வரைபடத்தில் கண்ணாரக் காணலாம். சிதறல் அளவின் பரவலை வரைந்தால் இடப்பக்கத்தில் செங்குத்தாக ஏறி, உச்சியைத் தொட்டு, வலப்பக்கத்தில் நீளமாகச் சரியும் ஒரு மலை தெரியும். அந்த உச்சியைக் காட்டி 'எங்கள் நுண்பைகளின் பொதுவான அளவு இதுதான்' என்று எழுதுகிற கட்டுரைகள் உண்டு. உண்மையில் சிறிய நுண்பைகளின் எண்ணிக்கை மேலும் மேலும் ஏறிக்கொண்டே போகிறது. கருவி அவற்றைப் பார்க்க முடியாமல் விட்ட இடமே அந்த உச்சி. பரவல் அந்த இடத்தில் செங்குத்தாக இருப்பதால், இரண்டு கருவிகளின் எல்லைகள் சில பத்து நானோமீட்டர்கள் மாறினாலே ஒரே மாதிரியிலிருந்து பல மடங்கு வேறுபட்ட எண்ணிக்கைகள் கிடைக்கும். அதே கருவியில் லேசரின் ஒழுங்கமைவு சற்றே விலகினாலும் அப்படித்தான்.

எல்லையைக் கண்டறியப் பலரும் செய்யும் முதல் காரியம், அளவு தெரிந்த பாலிஸ்டைரீன் நுண்மணிகளை ஓட்டிப் பார்ப்பது. 100 நானோமீட்டர் மணி தெரிந்துவிட்டால், 100 நானோமீட்டர் நுண்பையும் தெரிகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கேதான் ஒளிவிலகல் எண் குறுக்கே வருகிறது. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.6, சுற்றியுள்ள நீருக்கு 1.33 அல்லது 1.34, நுண்பைகளுக்கு 1.36 முதல் 1.42 வரை என்று கொள்ளலாம். நுண்பை என்பது நீரிலிருந்து ஒளியியல்ரீதியாகச் சிறிதளவே வேறுபட்ட ஒன்று. நீருக்குள் நீர் என்று சொல்லிவிடலாம். ஆறாம் அடுக்கு விதி பொருந்தும் எல்லைக்குள் நின்று தோராயமாகக் கணக்கிட்டால், ஒளிவிலகல் எண் 1.38 முதல் 1.40 வரை உள்ள ஒரு நுண்பையைவிட அதே விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணி 17 முதல் 36 மடங்கு வரை அதிக ஒளியைச் சிதறடிக்கிறது. மறுபக்கமாகச் சொன்னால், 100 நானோமீட்டர் மணி தரும் ஒளியைத் தர நுண்பை 160 முதல் 180 நானோமீட்டர் வரை இருந்தாக வேண்டும். இன்னும் பெரிய மணிகளுக்கு இந்த எளிய விதி பொருந்தாது. அங்கே இடைவெளியும் கூடுகிறது. ஒரு காலத்தில் 0.5 மற்றும் 0.9 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிகளைக் கொண்டு நுண்பைகளுக்கான கேட் அமைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்தக் கேட்டுக்குள் விழுந்தவற்றில் உண்மையில் ஒரு மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களும், சிறு தட்டணுக்களும்கூட இருந்தன.

நுண்மணிகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. விட்டமும் ஒளிவிலகல் எண்ணும் தெரிந்த மணிகளை, விட்டத்தை நேரடியாகக் காட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், கருவியின் ஒளி திரட்டும் வடிவமைப்பைக் கண்டறியும் பொருளாகக் கொள்ள வேண்டும். குஸ்டாவ் மீ 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒரு கோளத் துகளின் விட்டம், அதன் ஒளிவிலகல் எண், ஊடகத்தின் ஒளிவிலகல் எண், அலைநீளம், ஒளி திரட்டப்படும் கோணம் ஆகியவை தெரிந்தால் எவ்வளவு ஒளி சிதறும் என்பதைக் கணக்கிட முடியும். பல அளவு மணிகளை ஓட்டி, அவற்றின் கணக்கிட்ட சிதறலையும் கருவி காட்டும் தன்னிச்சையான அலகுகளையும் பொருத்தினால், அந்த அலகுகளைச் சதுர நானோமீட்டர் என்ற இயற்பியல் அலகுக்கு, அதாவது சிதறல் குறுக்குவெட்டுப் பரப்புக்கு மாற்றிவிடலாம். அதிலிருந்து நுண்பைக்கு ஒரு ஒளிவிலகல் எண்ணை ஊகித்து விட்டத்துக்குச் செல்லலாம். இதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. எஃப்சிஎம்பாஸ் அவற்றில் இலவசமாகக் கிடைப்பது. இரு ஆய்வகங்களுக்கிடையே உண்மையில் கைமாற்றிக்கொள்ளக் கூடிய அளவு சதுர நானோமீட்டரில் உள்ள அந்த எண்தான். விட்டம் என்பது அதன்மீது ஏற்றிய ஒரு ஊகம்.

பார்வை எல்லையைக் கீழே இறக்க எளிய வழிகள் சில உண்டு. சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதால், 488 நானோமீட்டர் நீல லேசருக்குப் பதிலாக 405 நானோமீட்டர் ஊதா லேசரின் பக்கச் சிதறலைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய 2.1 மடங்கு சமிக்ஞை கூடும். மாதிரியைச் சூழ்ந்து ஓடும் ஓட்ட நீரை 0.1 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியே அனுப்புவதும், மாதிரிகளுக்கிடையே குழாயைக் கழுவுவதும் பின்னணி இரைச்சலைக் குறைக்கும்.

எந்தச் சமிக்ஞையைத் தொடக்க வரம்பாக, அதாவது தாண்டினால்தான் கருவி பதிவு செய்யும் என்ற அளவாக, வைப்பது என்பது தனிக் கேள்வி. சிதறலை வைத்தால் சாயம் ஏறாதவையும் பதிவாகும். இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதங்களும் தூசும் கூடவே வரும். ஒளிர்வை வைத்தால் பின்னணி சுத்தமாகும். ஆனால் சாயம் குறைவாக ஏறிய நுண்பை கருவியைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. இரண்டில் எது சரி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எதைத் தேர்ந்தோம் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

இந்தத் துறையில் நீண்ட காலம் கவனிக்கப்படாமல் இருந்த சிக்கல் கூட்டமாகக் கண்டறிதல். ஃப்ளோ சைட்டோமீட்டரின் அடிப்படையே துகள்கள் ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கின்றன என்பதுதான். மாதிரி ஓடும் நடுவோட்டத்தின் விட்டம் 10 மைக்ரோமீட்டர், ஒளிக்கற்றையின் உயரம் 10 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், ஒரு கணத்தில் ஒளி படும் கொள்ளளவு ஏறக்குறைய 0.8 பிக்கோலிட்டர். மாதிரியில் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி துகள்கள் இருந்தால் அந்தச் சிறு வெளிக்குள் எந்நேரமும் சராசரியாக 8 துகள்கள் நிற்கின்றன. தனித்தனியாக அவற்றில் ஒன்றுகூடக் கருவிக்குத் தெரியாது. ஆனால் எட்டின் ஒளியும் சேர்ந்து தொடக்க வரம்பைத் தாண்டும்போது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஈசல் கூட்டம் ஒற்றைப் புகைமூட்டமாகத் தெரிவது போல, கருவி அதை ஒரு 'நிகழ்வு' என்று பதிவு செய்துவிடுகிறது. எட்வின் வான் டெர் போல் குழுவினர் 2012ஆம் ஆண்டில் இதைச் சோதனை வழியாக எடுத்துக்காட்டினர். இதில் நுட்பமான ஆபத்து, போலி இரட்டைச் சாய நுண்பைகள். ஒரு புரதத்தைத் தாங்கிய நுண்பையும் வேறொன்றைத் தாங்கிய நுண்பையும் ஒரே கணத்தில் கடந்தால், இரண்டையும் தாங்கிய ஒரு நுண்பை இருப்பதாக வரைபடம் சொல்லும். அதன்மேல் ஒரு கண்டுபிடிப்பே எழும்பிவிடும்.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. நீர்த்தல் வரிசை ஒன்று போதும். எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாட்டுச் சோதனைக்குத்தான் நேரம் உண்டு என்று சொன்னால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். எடுத்துக்காட்டுக்கு இப்படி ஒரு வரிசையைக் கொள்வோம்: 10 மடங்கு நீர்த்த மாதிரியில் வினாடிக்கு 9,000 நிகழ்வுகள், 100 மடங்கில் 6,000, 1,000 மடங்கில் 900, 10,000 மடங்கில் 126, நுண்பை எதுவும் சேர்க்காத வெறும் பஃபரில் (நீர்க்கப் பயன்படுத்தும் கரைசலில்) 40. கடைசியிலிருந்து படிக்க வேண்டும். பஃபரின் 40ஐக் கழித்தால் 10,000 மடங்கில் 86, 1,000 மடங்கில் 860. சரியாகப் பத்து மடங்கு. அந்த விகிதத்தில் 100 மடங்கில் 8,600 வந்திருக்க வேண்டும். வந்ததோ 6,000க்கும் குறைவு. 10 மடங்கில் 86,000 வேண்டும். அங்கே கணக்கு முற்றிலும் உடைந்துவிட்டது. இத்துடன் ஒவ்வொரு நீர்த்தலிலும் ஒளிர்வின் இடைநிலை மதிப்பையும் பார்க்க வேண்டும். துகள்கள் ஒன்றொன்றாகக் கடந்தால் நீர்க்க நீர்க்க எண்ணிக்கை மட்டுமே குறையும். ஒவ்வொன்றின் ஒளிர்வும் மாறாது. முதல் இரண்டு குழாய்களில் ஒளிர்வு உயர்ந்தும் அடுத்த இரண்டில் நிலையாகவும் இருந்தால், கூட்டம் எங்கே கலைந்தது என்பது தெரிந்துவிடும். மேற்சொன்ன வரிசையில் 1,000 மடங்கில் வேலை செய்வதே முறை. 10,000 மடங்கில் பின்னணியின் பங்கு மூன்றில் ஒன்றாகிவிடுவதால் அங்கே பிழை பெருகும். ஒரு மாதிரிக்குப் பொருந்திய நீர்த்தல் அடுத்த மாதிரிக்குப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு நோயாளி செறிவு பல மடங்கு மாறக்கூடும். எல்லாவற்றையும் ஒரே நீர்த்தலில் ஓட்டுவது ஒழுங்காகத் தோன்றினாலும் அளவையியலுக்கு எதிரானது.

ஒளிர்வுக்கும் அளவுத்திருத்தம் வேண்டும். தெரிந்த எண்ணிக்கையில் சாய மூலக்கூறுகளுக்கு இணையான ஒளிர்வு தரும் மணிகளை ஓட்டி, கருவியின் அலகுகளை 'இணையான சாய மூலக்கூறுகள்' என்ற அலகுக்கு மாற்றிவிட்டால், உங்கள் எல்லை எத்தனை பைக்கோஎரித்ரின் மூலக்கூறுகள் என்று சொல்ல முடியும். அது நூறு என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட புரதத்தின் பத்து மூலக்கூறுகள் மட்டுமே உள்ள அந்த 100 நானோமீட்டர் நுண்பை, ஆன்டிபாடிக்கு ஒரு சாய மூலக்கூறு என்ற கணக்கில், அத்தனையிலும் ஆன்டிபாடி ஒட்டினாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் கிடக்கும். இந்நிலையில் சிடி63 என்ற மேற்பரப்புப் புரதத்தைத் தேடி, 'சிடி63 உள்ள நுண்பைகள் 5 விழுக்காடு' என்று எழுதினால் அதன் பொருள், பார்க்கும் அளவுக்கு சிடி63 இருந்தவை 5 விழுக்காடு என்பது மட்டுமே. மீதி 95இல் அது இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சாயங்களும் ஆன்டிபாடிகளும் தம்மளவிலேயே துகள்களை உண்டாக்குகின்றன. செல் ஆய்வில் ஒரு பொருட்டாகவே இல்லாத ஆன்டிபாடித் திரள்கள் இங்கே நுண்பையின் அளவிலும் ஒளிர்விலும் வந்து நிற்கும். பயன்படுத்தும் முன் உயர்வேகத்தில் சுழற்றி, மேல்பகுதியை மட்டும் எடுப்பது பெருமளவு உதவும். பிகேஎச் வகையைச் சேர்ந்த கொழுப்பு நாடும் சாயங்கள் நீரில் தாமாகவே கூடி நுண்துகள்களாகும். நுண்பையே இல்லாத குழாயிலும் அவை வெற்றிகரமான சாயமேற்றலைப் போலக் காட்சி தரும். அனெக்சின் வி என்ற புரதத்தைப் பயன்படுத்துபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அது படலக் கொழுப்பான பாஸ்பாட்டிடைல்செரினில் ஒட்டுவதற்குக் கால்சியம் தேவை. பாஸ்பேட் பஃபரில் கால்சியத்தைச் சேர்த்தாலோ கால்சியம் பாஸ்பேட் நுண்படிவுகள் உண்டாகி நுண்பைகளைப் போலவே ஒளியைச் சிதறடிக்கும். பஃபரை மாற்றினால் தீர்ந்துவிடும் இந்தச் சிக்கலை, பார்க்காதவர் ஒரு நோய்க்குறியாகவே எண்ணிவிடக் கூடும்.

ஆகவே குறைந்தபட்சக் கட்டுப்பாடுகள் என்று நான் கருதுபவை: வெறும் பஃபர், பஃபருடன் சாயம் மட்டும், சாயமில்லாத மாதிரி, டிடர்ஜென்ட் சேர்த்த மாதிரி. கடைசியது படலத்தைக் கரைப்பதற்கு. ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்த்த பிறகு மறைந்துபோகும் நிகழ்வுகள் படலத்தால் ஆனவை என்று கொள்ளலாம். எஞ்சி நிற்பவை புரதத் திரள்களாகவோ சாயத் துகள்களாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லா நுண்பைகளும் ஒரே செறிவில் கரைவதில்லை, சிலவற்றுக்குக் கூடுதலாக வேண்டும். டிடர்ஜென்ட் தானும் பின்னணியை ஏற்றக்கூடும் என்பதால் பஃபருடன் டிடர்ஜென்ட் மட்டும் சேர்த்த குழாயும் உடன் ஓட வேண்டும். எதையும் குறிவைக்காத அதே வகை ஆன்டிபாடியைச் சேர்த்துப் பார்க்கும் ஐசோடைப் கட்டுப்பாட்டைப் பட்டியலில் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். அது பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் திரள்வதில் ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனித்தன்மை கொண்டது என்பதால், அது சுத்தமாக வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் மற்ற நான்கையும் தவிர்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இரத்தத்தில் அளப்பவர்களுக்குச் சிக்கல் கருவிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சிட்ரேட் குழாயில் எடுத்த இரத்தத்தை 2,500 ஜி விசையில் 15 நிமிடங்கள் வீதம் இரண்டு முறை சுழற்றித் தட்டணுக்களை நீக்குவது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. ஒரே முறை சுழற்றிவிட்டு உறைய வைத்தால், எஞ்சிய தட்டணுக்கள் உறைந்து உருகும்போது உடைந்து புதிய 'நுண்பைகளை' உற்பத்தி செய்யும். நோயாளியின் உடலில் ஒருபோதும் இல்லாதவற்றை நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். லிப்போபுரதங்கள் இன்னொரு தலைவலி. மிகத் தாழ் அடர்த்தி லிப்போபுரதங்களும், உணவுக்குப் பின் பெருகும் கைலோமைக்ரான்களும் அளவில் நுண்பைகளுடன் மேற்பொருந்துகின்றன; எண்ணிக்கையில் அவற்றைப் பல மடங்கு விஞ்சுகின்றன. சிதறலை மட்டும் நம்பிப் பிளாஸ்மாவில் நுண்பைகளை எண்ணுவது பெருமளவுக்கு லிப்போபுரதங்களை எண்ணுவதாகவே முடியும்.

செறிவுக்குத் தேவையான இன்னொரு எண், அளக்கப்பட்ட கொள்ளளவு. கருவியின் திரை காட்டும் பாய்வு வீதத்தை அப்படியே நம்பாமல், ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் குழாயை எடைபோட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இவற்றையெல்லாம் எப்படி எழுதி வெளியிடுவது என்பதற்கு மூன்று பன்னாட்டு அமைப்புகளின் கூட்டுக்குழு 2020ஆம் ஆண்டில் மிஃப்ளோசைட்-இவி என்ற வழிகாட்டியை வெளியிட்டது. கருவியை எப்படி அமைக்க வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. நீர்த்தல் வரிசை, கட்டுப்பாடுகள், அளவுத்திருத்தம், கண்டறியும் எல்லைகள் ஆகியவற்றைச் சொல்லச் சொல்கிறது. என் பார்வையில் அதன் மிகப் பயனுள்ள விளைவு, பொது வரம்பைத் தேர்வது எளிதாவதுதான். ஒரு கருவி 120 நானோமீட்டர் வரையும் இன்னொன்று 200 வரையும் பார்க்குமானால், இரண்டும் பார்க்கும் பகுதியை மட்டும், அதாவது 200க்கு மேற்பட்டவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும். நல்ல கருவி வைத்திருப்பவருக்கு இது மனக்கசப்பைத் தரும்; பாடுபட்டுப் பெற்ற சிறிய நுண்பைகளையெல்லாம் ஒப்பீட்டிலிருந்து விலக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஊகம் எஞ்சி நிற்கிறது. சதுர நானோமீட்டரிலிருந்து விட்டத்துக்குச் செல்லும்போது எல்லா நுண்பைகளுக்கும் ஒரே ஒளிவிலகல் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். சிறிய நுண்பையில் படலத்தின் பங்கு அதிகம், பெரியதில் உட்பொருளின் பங்கு அதிகம் என்பதால் அந்த எண் அளவோடு சேர்ந்து மாறும். படலத்தையும் உட்பகுதியையும் தனித்தனியாகக் கருதும் மாதிரிகள் இதை ஓரளவு சரிசெய்கின்றன. நுண்பையை ஒத்த ஒளிவிலகல் தன்மை கொண்ட உள்ளீடற்ற சிலிக்கா மணிகளும் இப்போது உருவாக்கப்பட்டுள்ளன. துகள்களின் பிரௌனியன் அசைவைப் பின்தொடர்ந்து அளவைக் கணக்கிடும் முறையோ, நுண்துளை வழியே அனுப்பி மின்தடை மாற்றத்தை அளக்கும் முறையோ கையில் இருந்தால், அதே மாதிரியை அதிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. மொத்த எண்ணிக்கைகள் பொருந்தாமல் போனால் பதறத் தேவையில்லை. பார்வை எல்லைகள் வேறு என்பதால் அவை பொருந்தக் கூடாது. இரண்டு முறைகளும் பார்க்கும் அளவு வரம்பில் மட்டும் எண்களை எடுத்து ஒப்பிட வேண்டும். அங்கேயும் வேறுபாடு தொடர்ந்தால் முதலில் நீர்த்தல் வரிசையையும், அடுத்துப் பாய்வு வீதத்தையும், அதன் பிறகே ஒளிவிலகல் எண்ணுக்கான ஊகத்தையும் சந்தேகிப்பது என் வழக்கம். முதல் இரண்டையும் அன்று மாலைக்குள் சோதித்து முடித்துவிடலாம்.